தி. நகர் ஜவுளிக்கடை சரக்கு லிப்டில் லாக் எடுக்கப்பட்டது குறித்து

என் பெயர் அன்புக்கரசி, வயது 29, தகப்பனார் பெயர் மதிவாணன். அபிராமபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, பெருங்குடியில் உள்ள மென்பொருள் கம்பெனி ஒன்றில் புரோகிராமராக வேலை செய்து வருகிறேன். இவ்வழக்கின் எதிரியான ஸ்ரீஹரி எனக்கு மேலதிகாரி. தி. நகரில் வெள்ளைத்துரை என்பவர் நடத்தும் ஜவுளிக்கடையின் சரக்கு லிப்டை இயக்கும் புரோகிராமை எங்கள் கம்பெனிதான் செய்து கொடுத்தது. அதில் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையும் லிப்டை நகர்த்தும் வேலையும் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருப்பதற்காக நடுவில் ஒரு பூட்டு எழுதியிருந்தேன். அதை நாங்கள் லாக் என்போம். அது இல்லாவிட்டால், கதவைத் திறந்த பிறகும் பழைய தகவலை நம்பி லிப்ட் கிளம்பிவிடக்கூடும்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் லிப்ட் நின்று நின்று போகிறது என்று வெள்ளைத்துரை சத்தம் போட்டதால், மேற்படி லாக்கை எடுத்துவிடும்படி ஸ்ரீஹரி என்னிடம் சொன்னார். ஆள் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி நான் மறுத்தேன். அதற்கு அவர், "லட்சத்துல ஒரு தடவை நடக்கும். அப்ப நீயா அங்க நிக்கப்போற?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, என் எதிரிலேயே அதை எடுத்தார்.

அதன் பிறகு ஆடி கடைசி ஞாயிறன்று வேறொரு கோளாறு பார்க்க நாங்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தபோது, பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் சொர்ணம் என்பவர் லிப்ட் கதவைத் திறந்து பட்டுச்சேலைக் கட்டை இழுத்துக்கொண்டிருக்கையில் லிப்ட் மேலே கிளம்பி, அவரது வலது கை நசுங்கிச் சிக்கிக்கொண்டது. "மேடம், நிறுத்து மேடம், கை மாட்டிக்கினு கீது" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் ஓடி மெயினை அணைத்தேன். அதன் பிறகு அங்கு வந்த வெள்ளைத்துரை, "ஏல, மொதல்ல சேலைய உருவுங்கல, ரத்தம் பட்டுரும்" என்று ஆட்களிடம் சொன்னார். சேலைக் கட்டை உருவிய பிறகே சொர்ணத்தின் கையை விடுவித்தார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கை முழங்கைக்கு மேல் எடுக்கப்பட்டது. மறுநாள் நான் பார்க்கப் போனபோது, ஸ்ரீஹரி ஒரு தாளும் மைப்பெட்டியுமாகக் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். ஓடும் லிப்டில் சொர்ணமே கையை விட்டதாக அதில் எழுதியிருந்தது. சொர்ணம் அரைமயக்கத்தில், "இன்னா சார் இது?" என்று கேட்டார். "உன் வேலைய யாரும் எடுக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கும்மா" என்று ஸ்ரீஹரி சொன்னார். அது பொய், போடாதீர்கள் என்று நான் சத்தமிட்டேன். சொர்ணம் அவரைத்தான் நம்பினார். "எனக்கு கையெழுத்தே போட வரும் சார்" என்று சொல்லி, பேனா வாங்குவதற்காக வலது தோளைத் தூக்கினார். ஸ்ரீஹரி அவரது இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை; அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ம. அன்புக்கரசி