பொட்டலத்துகிட்ட சொல்லு

இல்ல தம்பி, நாய இழுக்காதீங்க, அது மோந்து பாத்துட்டுப் போகட்டும். என் மேல பூனை வாசனை அடிக்குதுல்ல, அதான் அதுக்குக் குழப்பம். இவ்ளோ பெரிய உருவத்த வெச்சுக்கிட்டு பெஞ்சுக்கடியில போயி ஒளியுது பாருங்க. ஊசின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் போல. அடுத்தது நீங்கதானா? அப்போ கொஞ்சம் பொறுத்துக்கணும் தம்பி. உள்ள இருக்கறது எங்க வீட்டுது. டாக்டரு இப்போதைக்கு வெளிய வர்ற மாதிரி தெரியலை.

பூனைதான். பொட்டலம்னு பேரு. சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிக்கறதுதான். அங்க மேசைகிட்ட உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு, மொத தடவை வந்தப்ப பேரை ரெண்டு தரம் கேட்டுட்டு, பொட்டலத்துல என்ன இருக்குன்னு கேட்டுச்சு. பூனை இருக்குன்னேன்.

என்னாச்சா? சொல்றேன் இருங்க. மொதல்ல உங்களுதுக்கு என்னன்னு சொல்லுங்க. காதுல சீழா? அட, அதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க. சொட்டு மருந்து விட்டா சரியாப் போயிடும். தலைய ஆட்டுது, சொறியுதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். சும்மா கிடந்தாதான் பயப்படணும்.

எங்களுதுக்குப் பிரஷர். ஆமா, பூனைக்குதான். நானும் அப்படித்தான் வாயப் பொளந்தேன். எனக்கில்ல, அவருக்கில்ல, வேலை வெட்டி இல்லாம ஜன்னல்ல படுத்திருக்கற இதுக்கு என்ன பிரஷருன்னு கேட்டேன். வயசாகுதும்மா, கிட்னி கொஞ்சம் களைச்சுப் போச்சு, அதனால பிரஷர் ஏறுதுன்னாரு டாக்டரு. கால் மாத்திரை, தினம் ஒரு வேளை, ஆயுசு பூரா. அதுக்குப் பயமெல்லாம் கிடையாது, மாத்திரைய முழுங்கிட்டு போயி படுத்துக்கும். பயமெல்லாம் எனக்குதான் தம்பி. அன்னிலேர்ந்து என் உசுரு எங்கிட்ட இல்ல.

எப்படின்னா, அது தூங்கிட்டிருக்கும். நான் கையில கரண்டியோட வாசப்படியில நின்னு அதோட வயித்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஏறுதா, இறங்குதா. ஏறினது இறங்க ஒரு நொடி லேட்டானா போச்சு, ஓடிப்போயி மூக்குகிட்ட விரல வெப்பேன். அது ஒத்தக் கண்ணத் தொறந்து, உனக்கு வேற வேலையே இல்லையான்னு பாக்கும். ஏம்மா, பிரஷர் இருக்கறத எழுப்பி எழுப்பிப் பாத்தா எங்கேர்ந்து குறையும்னு டாக்டரே திட்டினாரு. செல்போன்ல எதையும் தேடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினாரு. தேடாம இருக்க முடியுதா? கண்ணு தெரியாமப் போகும்னு ஒருத்தர் சொல்றாரு, திடீர்னு விழுந்துடும்னு இன்னொருத்தர். படிச்சுட்டு கண்ணு தெரியுதான்னு பாக்க ஒரு பஞ்சு உருண்டைய அதும் முன்னாடி போட்டேன். பஞ்சையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு, எழுந்து போயிடுச்சு.

என்ன வேலை பாக்கறேன்னா? பல் செட்டு செய்யற இடத்துல இருக்கேன். பல்டாக்டருங்க வாய அளவெடுத்து அச்சு அனுப்புவாங்க, நாங்க மெழுகுல பல்லு ஒவ்வொண்ணா நட்டு அனுப்பணும். இந்த ஊர்ல பாதிப் பேரோட சிரிப்பு என் கையால வந்தது, பெருமைக்குச் சொல்லலை. அப்பேர்ப்பட்ட கை, போன மாசம் ஒரு அம்மாவோட செட்டுல இந்தப்பக்கத்து கோரப்பல்லை அந்தப்பக்கமும், அந்தப்பக்கத்த இந்தப்பக்கமும் நட்டு வெச்சிருக்கு. எங்க மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடிச்சு, இது பாட்டிக்கா இல்ல பேய்ப் படத்துக்கான்னு கேட்டாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரு பூனைக்கா இவ்ளோன்னு பக்கத்து சீட்டுக்காரி கேட்டா. அவகிட்ட என்னத்தைச் சொல்றது.

வீட்டுக்காரரா? உள்ள இருக்காரு. அவரு கையில இருந்தாதான் அது அசையாம இருக்கும், அதனால டாக்டரு அவரை நிக்கச் சொல்லிட்டு என்னை வெளிய அனுப்பிட்டாரு. நான் நின்னா அழுவேன். டிரிப்ஸ் குழாய் ஏத்தறதுக்கு கால்ல கொஞ்சம் முடிய வழிச்சாங்க தம்பி, அந்தக் கால் இவ்ளோ ஒல்லியா இருக்குன்னு எனக்கு இத்தனை நாளும் தெரியலை. முடியெல்லாம் போனா உள்ள ஒண்ணுமே இல்ல.

அவரு லிஃப்ட் மெக்கானிக். பொட்டலம் லிஃப்ட்லேர்ந்து வந்ததுதான். ஒரு பெரிய கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டிருக்காங்க. கீழ பள்ளத்துல இறங்கிப் பாத்தா கிரீஸும் குப்பையுமா நடுவுல ஒரு குட்டி. தாயையும் காணோம், கூடப்பொறந்ததையும் காணோம். கை தொடைக்கற பழந்துணியில சுத்தி, டிபன் பாக்ஸ் மேல வெச்சு எடுத்துட்டு வந்தாரு. சமையக்கட்டுல தரையில வெச்சாரு. வெச்சுட்டு என்ன பண்ணாரு தெரியுமா? என்னைப் பாக்கலை. அந்தத் துணியப் பாத்து, ஏய் பொட்டலம், உங்கம்மாகிட்ட கொஞ்சம் பால் கேளுன்னாரு.

ஏன் அதைப் பாத்துச் சொன்னாருன்னா, நாங்க ரெண்டு பேரும் அப்போ பேசிக்கறதில்ல தம்பி. ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. பெருசா ஒண்ணும் நடக்கலை, கேட்டா இதுக்கான்னு சிரிப்பீங்க. அவரோட அக்கா வீட்டுல எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நான்தான் இப்படி ஆச்சே, வாய் ஓயாது, ஏதோ கதை சொல்லிட்டு இருந்தேன். சொல்லி முடிக்கல, இவ வாய மூடினா எங்க வீடு எவ்ளோ நிம்மதியா இருக்கும் தெரியுமாக்கான்னு போட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து வாய மூடிட்டேன்.

ரெண்டு நாள்ல வழிக்கு வந்துடுவான்னு அவரு நெனச்சாரு. ஒரு வார்த்தை, தப்பா சொல்லிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நான் நெனச்சேன். அவருக்கு வீம்பு, எனக்கு அதுக்கு மேல. பையன் வெளியூர்லேர்ந்து போன் போட்டு ரெண்டு பேருக்கும் தனித்தனியா பஞ்சாயத்து பண்ணிப் பாத்தான், அலுத்துப்போயி விட்டுட்டான். சாப்பாடு போடுவேன், துணி மடிச்சு வெப்பேன், ஒரே வீடு, ஒரே கட்டில். பேச்சு மட்டும் கிடையாது. வாயாடிக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போதான் இது வந்துச்சு. பால் கேளுன்னு அவரு சொன்னதும் எனக்கு என்ன தோணுச்சோ, ஆறின பாலா சூடான பாலான்னு உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லுன்னு அதுகிட்டயே சொன்னேன். அவ்ளோதான், ஆரம்பிச்சுடுச்சு. பொட்டலம், கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லு. பொட்டலம், நாளைக்கு லேட்டாகும்னு சொல்லு. குழம்புல உப்பில்லைன்னு சொல்லு. உங்கப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லு. சண்டைகூட அதுவழியாத்தான். அது நடுவுல உக்காந்து இவரைப் பாக்கும், என்னைப் பாக்கும், அலுத்துப்போச்சுன்னா கால நக்கும். ஏதாவது அவசரமாச் சொல்லணும், அது பீரோ மேல தூங்குதுன்னு வைங்க, பீரோகிட்டப் போயி நின்னு மேல பாத்துச் சொல்லுவோம்.

ஆமா தம்பி, இத்தனை வருஷமும். உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரியும். பழகிப்போச்சு. ஒருநாள் அவரு கை கதவுல மாட்டி விரல் கிழிஞ்சு ரத்தத்தோட வந்தாரு. நான் துடிச்சுப்போயி கழுவிக் கட்டு போடறேன். அவரு என் மடியில இருந்த பொட்டலத்தைப் பாத்து, உங்கம்மாவ பயப்படாம இருக்கச் சொல்லு, ரெண்டு தையல்ல சரியாயிடும்ங்கறாரு. நானும் அழுதுக்கிட்டே, ஜாக்கிரதையா வேலை பாக்கத் தெரியாதான்னு அதைத்தான் கேக்கறேன். நேருக்கு நேரா பேசியிருந்தா அவ்ளோ பாசமா பேசியிருப்போமான்னு தெரியலை.

அதனாலதான் சொன்னேன், பக்கத்து சீட்டுக்காரிக்கு எப்படிப் புரிய வெக்கறது. அது பூனை மட்டும்னா நான் இவ்ளோ பயப்படமாட்டேன். அது போயிட்டா அந்த வீட்டுல என்ன சத்தம் இருக்கும்? குழாயில தண்ணி விழற சத்தம், தட்டு வெக்கற சத்தம். அந்தப் பயம் எனக்கு மட்டுமில்ல தம்பி. அவருக்கும்தான். அவரு வெளிய காட்டிக்க மாட்டாரு. ஆனா ஒருநாள் நான் மத்தியானம் சீக்கிரம் வந்துட்டேன். பாத்தா, கூடத்துல தரையில குப்புறப் படுத்து, லிஃப்ட் மோட்டாருக்குக் காது வெச்சுக் கேப்பாங்களே, அதே மாதிரி பொட்டலத்தோட முதுகுல காத வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் சத்தமில்லாம வெளிய போயி, செருப்பு சத்தம் கேக்கற மாதிரி திரும்ப வந்தேன்.

யாரு, அந்தப் பொண்ணு என்னையவா கூப்பிடுது? இல்லையா. சரி.

ஆங், என்னாச்சுன்னு கேட்டீங்கல்ல. இன்னிக்கு எனக்கு லீவு, அவருக்கும்தான். காலையில பொட்டலம் ஜன்னலுக்கு வரலை. தேடினா துவைக்கற துணிக் கூடையில கிடக்கு. தூக்கினேன், ஈரத்துணி மாதிரி தொங்குது. பாதமெல்லாம் சில்லுன்னு. கண்ணு பாதி மூடியிருக்கு. நான் போட்ட சத்தத்துல அவரு பாதி ஷேவிங்கோட ஓடிவந்தாரு. வந்து, மாத்திரை குடுத்தியா நீன்னு கேட்டாரு. இவர் என்ன, பொட்டலத்துகிட்டப் போயி இதைக் கேக்கறாருன்னு நெனச்சேன். நிமிந்து பாத்தா, என்னைப் பாத்துக் கேக்கறாரு.

ஆமா தம்பி. எட்டு வருஷத்துல மொத வார்த்தை.

தினமும்தான் குடுக்கறேன்னேன். தினமுமான்னாரு. அவரு மூஞ்சியில ரத்தமே இல்ல. டூல் பையத் தொறந்து ஒரு அட்டை மாத்திரைய எடுத்து நீட்டறாரு. சோபாவுக்கடியில ஒரு துண்டு கிடந்ததாம், நான் குடுக்கறத அது துப்பிடுதுன்னு நெனச்சாராம். போன வாரத்துலேர்ந்து தனியா வாங்கி, நான் வேலைக்குப் போனதும் அவரும் கால் மாத்திரை குடுத்துட்டு இருந்திருக்காரு. நான் குடுத்தது, அவரு குடுத்தது, எல்லாம் சேந்து பிரஷர் அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. துப்பின துண்டை நானும்தான் பாத்தேன். அன்னிலேர்ந்து நானும் எதுக்கும் இருக்கட்டும்னு ராத்திரி இன்னொரு கால் குடுத்துட்டு இருந்தேன்.

அதைச் சொல்லியிருக்கலாமேன்னா, எதுவழியாச் சொல்றது? மத்த எல்லாத்துக்கும் அது வந்து நடுவுல நிக்கும். மாத்திரைய மட்டும் அதும் முன்னாடி வெச்சுப் பேச எனக்கு மனசு வரலை. அதுக்கு உடம்பு சரியில்லன்னு அதுகிட்டயே எப்படி தம்பி சொல்லச் சொல்றது? அவருக்கும் வரலையாம். வண்டியில வர்றப்ப சொன்னாரு.

டாக்டரு திட்டலை. யாரு யாரு எவ்ளோ குடுத்தீங்கன்னு பொறுமையாத்தான் கேட்டுக்கிட்டாரு. ஊசிய ரெடி பண்ணிக்கிட்டே, ஏம்மா, ஒரே வீட்டுல இருக்கீங்க, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களான்னாரு. சாதாரணமாத்தான் கேட்டாரு, அவருக்கு என்ன தெரியும். அவரு அப்படிக் கேட்டதும், நானும் இவரும் பதில் சொல்றதுக்கு ஒரே நேரத்துல மேசை மேல கிடந்த பொட்டலத்தைத்தான் பாத்தோம்.