ஒன்பது தப்படி தூரம்

பருத்திக்கு மருந்தடிக்கிறவன் முதலில் காற்றைத்தான் பார்ப்பான், சார். ஒரு பிடி மண்ணைத் தூவினால் தெரிந்துவிடும்.

என் மனைவி மருதாயி ஐப்பசியில் செத்தாள். குரும்பலூர்ப் பக்கம் எங்கள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த காட்டில் அவளுடைய சொந்த அண்ணன் கொளஞ்சியப்பன் மருந்தடித்தார். பருத்தி ஆளுயரம், குழாயை மேல்நோக்கித்தான் பிடிக்க வேண்டும். அத்தனையும் அவள்மேல் இறங்கிவிட்டது. "நான் நேராத்தான் புடிச்சேன் மாப்ள, காத்து கொண்டுபோயிடுச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் நம்பியது.

எனக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று நாள் காலையில், மருந்தடிக்கிற டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, தரையில் வேட்டியை விரித்து அடித்துப் பார்த்தேன். குழாயை விட்டதும் தண்ணீர் விறைப்பாக எழும்பும். ஒரு முழம் வரை காற்றுக்கு மசியாது. பிறகு வளையும். வளைந்ததும் இரண்டு பக்கமும் சுருண்டு, புகையாகிப் படுத்துவிடும். மோட்டாரை ஏற்றினால் இன்னும் உயரம் போய் வளையும், இன்னும் தள்ளி விழும். அன்றைய வாடைக்காற்றுக்கு ஒன்பது தப்படி. வேட்டி அங்கேதான் நனைந்திருந்தது.

மச்சான் சொன்னது நிஜம் என்று அன்றே புரிந்தது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் யார்மேலும் தப்பில்லை என்றால் மருதாயி எதற்குச் செத்தாள்? யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

கார்த்திகையில் ஒரு மதியம், மச்சான் சட்டையில்லாமல் வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தார். காற்று வரும் பக்கமாக அவரிடமிருந்து ஒன்பது தப்படி எண்ணி நின்று, குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். டேங்கில் வெறும் மருந்து, தண்ணீர் கலக்கவில்லை.

"என்ன மாப்ள, மேகத்துல பூச்சி விழுந்துடுச்சா?" என்று சிரித்தார்.

"நேராத்தான் புடிக்கிறேன். நீங்க சாப்புடுங்க மச்சான்."

காலையிலிருந்து அவரும் மருந்தடித்தவர். உடம்பெல்லாம் அதே நாற்றம். சோற்றில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. டேங்க் தீரும்வரை அடித்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார். ஊர் இப்போதும் காற்றைத்தான் சொல்கிறது. கொன்றது நான்தான்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் சார், அவரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நடுவில் பாதிச் சோற்றைத் தூக்கு மூடியில் போட்டு, "வாங்க மாப்ள, தங்கச்சி போனதுலேர்ந்து நீங்க சரியா சாப்புடுறதே இல்ல" என்று நீட்டினார். பசியில்லை என்றேன். நிஜமாகவே அன்று எனக்குப் பசிக்கவில்லை.