பீஸ் கட்டைக்கு மஞ்சள் நீராட்டு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறத் தொடங்கியது. முன் இருக்கைக்காரர், தான் கையோடு அழைத்துப் போகும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டார்:

“பொட்டு வெச்சா பீஸ் பூடுமா, அண்ணாத்த?”

“எங்க வெச்ச?”

“நான் இல்ல, என் பொஞ்சாதி. நீ மாட்டின புது மெயின் போர்டுலதான். வெள்ளிக்கெழமன்னு பீஸ் கட்டையெல்லாம் புடுங்கி, மஞ்சத் தண்ணில குளிப்பாட்டி, சந்தனப் பொட்டு வெச்சி, ஈரத்தோட சொருவிட்டா. டமால்!”

“ஐயையோ, மூணு ஆட்ட வித்து மாட்டின போர்டாச்சே!”

“சாயந்தரம் என் பொண்ணப் பாக்க வராங்க. பழைய போர்டுல ஃபேன் போட்டா லைட்டு பூடுதுன்னுதான் ஆட்டையே வித்தேன். இப்ப ஃபேனும் இல்ல, லைட்டும் இல்ல, ஆடும் இல்ல.”

“பொட்டப் போர்டு மூடி மேல வெக்கச் சொல்றதுதான?”

“சொன்னேனே. கரண்டு உள்ளதான கீது, வெளிய வெச்சா அதுக்கு எப்டித் தெரியும்னு கேக்கறா.”

பேருந்தே சிரித்துக் குலுங்கியது. எலெக்ட்ரீஷியன் மட்டும் சிரிக்கவில்லை.

“சாயந்தரம் லைட்டு எரியணுமா? நான் வேலைய முடிக்கிற வரைக்கும் உன் சம்சாரத்தக் கோயிலுக்கு அனுப்பிடு.”

“அந்தச் சந்தனமே கோயில்ல இருந்துதான் வந்துச்சி, அண்ணாத்த!”