பார்வைத் தொட்டிக்குக் கணியூர் மீன்

கணியூர்க் குளத்து மீனைப் பார்வைத் தொட்டியில் விடுங்கள், ஐயா! விட்டுப் பார்த்துவிட்டு, வெளிநீருக்கு நீங்கள் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குங்கள்!

சாயநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தை முப்பது ஆண்டுகள் ஆண்ட அண்ணலே! நாற்றத்துக்கும் நஞ்சுக்கும் நடுவே நிமிர்ந்து நின்ற நெஞ்சுரமே! பெருமதிப்பிற்குரிய மகுடேஸ்வரன் அவர்களே! "எந்த மேடையிலயும் கணியூர் மீன் பேச்சை எடுக்கக் கூடாது, கண்ணு" என்றீர்கள். அந்தப் பேச்சில்தான் இம்மடல் தொடங்குகிறது. "நல்லாத் தமிழ் எழுதற புள்ள, நீயே எழுதி நீயே படிச்சுரு" என்று உங்கள் பணிநிறைவு விழா வாழ்த்துமடலைப் பணியாளர்கள் என்னிடம் தந்தார்கள். எழுதினேன்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவேன். கசடுத் தொட்டியில் விஷவாயு தாக்கி நம் தொழிலாளி டேனியல் விழுந்தபோது, துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாய் இறங்கித் தூக்கிய மூத்தவரே! சாயப்பட்டறைத் தொழிலாளி மகளான என்னிடம், எங்கள் வீட்டில் முதன்முதலாய்ப் பட்டம் வாங்கியவளிடம், "இங்கிலீசு கெடக்குது, மீனைப் பத்திச் சொல்லு கண்ணு" என்று கேட்டு வேலை தந்த வள்ளலே! அத்தனையும் மெய். அதனால்தான் வயிறு எரிகிறது.

நம் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பார்வைத் தொட்டி எல்லாருக்கும் தெரியும். சுத்திகரித்து வெளியே விடும் வெளிநீர் அதில் ஓடும், மீன் நீந்தும். "மீனே பொழைக்குது, அப்புறம் என்னங்க?" என்று வருகிறவர்களிடம் காட்டுவீர்கள். முதலில் அதில் விட்ட, சாயம் படாத கணியூர்க் குளத்து ஜிலேபி மீன்கள் செத்து மிதந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சீனிச்சாமி அண்ணன், ஆண்டாண்டாய்ச் சாயநீர் ஓடும் வெளிவாய்க்காலில் வலை போட்டு, அங்கே கிடந்த மீன்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டார். வஞ்சகமில்லாத வேலை. அந்த மீன்கள் சாகவில்லை. நீர் தேறிவிட்டதென்று எல்லாரும் நம்பினோம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "அதுகளுக்குப் பழகிப்போச்சு" என்றீர்கள். பழக்கமா, பிறப்பா என்று பார்க்க, வாய்க்கால் மீன்களை நல்ல தண்ணீரில் வளர்த்தேன். தாய் வாயில் வைத்துக் காத்த குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, அவையும் குஞ்சு பொரித்தன. சாயநீரையே காணாத அந்தப் பேரக்குஞ்சுகளை நம் வெளிநீரில் விட்டேன். நீந்தின. அதேபோல் நல்ல தண்ணீரில் வளர்த்த கணியூர்க் குஞ்சுகளைப் பக்கத்தில் விட்டேன். விடிவதற்குள் மல்லாந்துவிட்டன. நீங்களும் குனிந்து பார்த்தீர்கள்.

எந்த மீனும் முயன்று மாறவில்லை, ஐயா. தாங்காதவை தலைமுறை தலைமுறையாகச் செத்தன. தாங்கும் மரபணு தற்செயலாய் வாய்த்த சில மிஞ்சி, முட்டையிட்டுப் பெருகின. அந்த மிச்சத்தைத்தான் கண்ணாடிக்குள் சாட்சியாய் நிறுத்தியிருக்கிறோம்.

இதெல்லாம் தெரிந்தே, வெளிநீர் மாடு குடிக்க ஏற்றது என்று கையெழுத்திட்டீர்கள். திங்கட்கிழமை முதல் அந்த நீர் ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊர் மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. என் அம்மா ராமாத்தாளின் எருமைகள் அதைக் குடிக்கும். அந்தப் பால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகும்.

"ரிட்டயர்டு ஆகற நேரத்துல எதுக்குக் கண்ணு வம்பு? மாடும் பழகிக்கும்" என்றீர்கள்.

"மீன் சட்டுச்சட்டுன்னு தலைமுறை எடுக்குமுங்க. எங்க ஊருப் புள்ளைக பழகறதுக்குள்ள எத்தன புள்ளைகளப் பொதைக்கோணுமுங்க?" என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். விஷவாயுவுக்கு அஞ்சாத வீரரே, ஒரு தாளுக்கு அஞ்சினீர்களே!

நோயற்ற உடலும் குறைவற்ற மனமும் பெற்று, பேரன் பேத்தியர் சூழ, நல்ல தண்ணீர் குடித்து நூறாண்டு வாழ்க! மெய்யாகவே வாழ்த்துகிறேன்.

உடன் வேலை பார்க்கும் நண்பர்கள் என்னை நம்பி, இம்மடலுக்கான வெறும் தாளின் அடியிலேயே முன்கூட்டிக் கையெழுத்திட்டுத் தந்திருந்தார்கள். அவர்கள் பிழைப்பில் நான் மண் போடமாட்டேன். அந்தப் பகுதியைக் கத்தரித்து அவர்களிடமே கொடுத்துவிட்டேன். இம்மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் நிற்பது என் பெயர் மட்டும். என் அடையாள அட்டையை மாலைத் தட்டில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் என் வண்டியில் ஒரு கேன் வெளிநீரும் ஒரு வாளி கணியூர் மீனும் இருக்கின்றன. இரண்டையும் எங்கள் ஊர் மாட்டுத் தொட்டியில் ஊற்றப்போகிறேன். ஊரே பார்க்கட்டும். பார்த்துவிட்டு அம்மா குழாயைத் திறக்கட்டும், இல்லை அடைக்கட்டும்.

பொன்னாடை போர்த்த மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் கிளம்புகிறேன், ஐயா. மூடிய வாளியில் மீன் ரொம்ப நேரம் தாங்காது.

இங்ஙனம்,
கோமளா
இன்றுவரை ஆய்வுக்கூட உதவியாளர்