சகலனுக்கு மட்டும் ஸ்கேன்

— ஹோர்ன் சத்தம் கேக்குதா? இஞ்சருங்க, எழும்புங்க. தங்கச்சி ஆக்கள் கொழும்பால வந்திற்றாங்க.

— கேக்குது, கேதீஸ். வளவு முழுக்கக் கேக்கத்தானே அடிக்கிறான். வாடகை வானில வந்து இறங்கினது ஊருக்கே தெரியோணும் அவனுக்கு.

— ஆசுபத்திரியால வருத்தக்காரன் வாறார். படலை வாசல்ல மாடு படுத்திருக்கும், அதுக்கு அடிச்சிருப்பாங்க.

— மாட்டுக்கு இவ்வளவு நேரமா அடிப்பாங்க? நீ போய்ப் பார். நான் செங்கலடிக்கு உரம் பாக்கப் போகோணும்.

— இண்டைக்கு ஞாயிறு, உரக்கடை பூட்டு. சேட்டப் போடுங்க. பக்கத்து வீடு, சொந்தச் சகலன். போகாட்டி கண்ணகை என்னத்தான் கேப்பாள், அத்தானுக்கு எங்களோட என்ன கோவமெண்டு.

— கோவமில்ல. அங்க பார், அவனக் கதிரையோட தூக்கிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போறாங்க. கோயில் சாமி மாதிரி.

— கால் புண்ணோட எப்பிடி ஏறுவார்? கீழ சீமெந்து பூசுறாங்க, அதால மேல கட்டில் போட்டிரிக்காம்.

— நானும் அவனும் ஒரே வருசம் இந்த வளவுக்கு மாப்பிளையா வந்தம். ரெண்டு பேருக்கும் ஒரே சீனி வருத்தம், ஒரே கிளினிக், ஒரே குளிசை. இப்ப அவனுக்கு மட்டும் கொழும்பில ஸ்கேன். எனக்கு நெஞ்சில வயர ஒட்டி, ஒரு துண்டுக் கடதாசி.

— அது ஈசிஜி. நல்லா இரிக்கெண்டுதானே டொக்டர் அம்மா சொன்னா.

— அவனுக்கும் ஈசிஜி நல்லாத்தான் இருந்த. அதோட விட்டாங்களா? கண்ணகை போன்ல உனக்குச் சொன்னத நானும் கேட்டனான். வளையத்துக்குள்ள படுக்க வச்சு, ஊசியால மருந்த ஏத்தி, இதயத்துக்குப் போற குழாயெல்லாம் படம் பிடிச்சவங்களாம். ரெண்டு இடத்தில ஒடுக்கமாம், குளிசை கூட்டியிரிக்காம். இனி அந்தப் படத்தக் கலியாண அல்பம் மாதிரி வாறவன் போறவனுக்கெல்லாம் காட்டுவான்.

— நீங்க ஒரு ஆள். வருத்தத்திலயும் போட்டியா?

— போட்டிதான். அவன் மாடி கட்டினான், பேசாம இருந்தன். நெல்லு வெட்டுற மிசின் வாங்கினான், அதுக்கும் பேசாம இருந்தன். இது உயிர் விசயம்.

— மறுகா கேளுங்க. நானும் அதத்தான் டொக்டரிட்டக் கேட்டனான். தங்கச்சிட புருசனுக்குப் பெரிய டெஸ்ட், எங்கட ஆளுக்கு ஏன் இல்லயெண்டு.

— நீயும் கேட்டியா?

— கேக்காம? சீதனத்தில முன் வளவும் தங்கச்சிக்குத்தான், ரோட்டுப் பக்கக் கிணறும் அவளுக்குத்தான். எனக்கு மட்டும் எரியாதா?

— அப்பிடிச் சொல்லு. அவ என்ன சொன்னா?

— சிரிச்சா. சீனி இரிக்கிற எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கிறல்லயாம். ஆளப் பாத்து, ஆள் சொல்ற கரைச்சலப் பாத்துத்தான் டெஸ்ட். உங்கட சகலன் திவாகரன் நடக்கக்குள்ள நெஞ்சு இறுக்குதெண்டு சொன்னவர். அப்பிடிச் சொல்ற கனபேர ஓடுற பெல்ட்டில நடக்க விட்டுப் பாப்பாங்களாம். அவர் புண்ணுக்கு விரல் வெட்டி எடுத்த காலோட எப்பிடி அதில நடப்பார்? அதாலதான் ஸ்கேன். அதுக்கும் முதல், ஏத்துற மருந்தக் கிட்னி தாங்குமா எண்டு ரத்தம் சோதிச்சவங்களாம்.

— விரலக் குடுத்து ஸ்கேன் வாங்கினவன்.

— பாவம், அப்பிடிச் சொல்லாதீங்க. உங்களிட்டயும் அதே கேள்விதான் கேட்டா. நெஞ்சு இறுக்குதா, மூச்சு முட்டுதா, தாடை நோகுதா எண்டு. நீங்க என்ன சொன்னீங்க? ஒண்டுமில்ல, கல்லு மாதிரி இரிக்கன் எண்டு. பக்கத்துக் கதிரையில சகலன் இருந்தாரெண்டு நெஞ்ச நிமித்திக்கொண்டு சொன்னீங்க.

— அவனுக்கு முன்னால எனக்கு நோகுதெண்டு சொல்றதா?

— அப்ப இப்ப ஏன் கவலப்படுறீங்க? ஒரு கரைச்சலும் இல்லாத ஆளுக்குச் சீனி, பிரசர், கொழுப்பு மூண்டையும் அடக்கி வைக்கிறதுதான் பெரிய காவல் எண்டு டொக்டர் சொன்னா. சும்மா ஸ்கேன் எடுத்தா அதுக்குப் பின்னால தேவையில்லாத அலைச்சல்தான் வருமாம். ஏதும் வந்தா மட்டும் சுணங்காம வரச் சொன்னா.

— அதத்தான் நானும் யோசிச்சு வச்சிரிக்கன். அடுத்த கிளினிக்குக்குத் தனியப் போறன். போய், எனக்கும் நெஞ்சில ஏதோ வந்ததெண்டு சொல்லப் போறன்.

— பொய்யா?

— சின்னப் பொய். ஆருக்கு நட்டம்?

— அவ விசரியில்ல. உங்கட முகத்திலயே கண்டுபிடிப்பா. எங்க, என்னட்டச் சொல்லிக் காட்டுங்க பாப்பம். நான்தான் டொக்டர்.

— டொக்டர், மேல ஏறக்குள்ள நடு நெஞ்சில ஆரோ நெல்லு மூட்டையத் தூக்கி வச்ச மாதிரி இரிக்கி.

— ம். மறுகா?

— மறுகா அந்தப் பாரம் கழுத்தால ஏறி இந்தத் தாடையில வந்து நிக்கும். பல்லு வலி மாதிரித்தான், ஆனா பல்லில்ல. மூச்சு அரைவாசியில நிண்டிரும். சேட்டு நனைய வேர்க்கும். படியப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சம் நிண்டா, தன்பாட்டில விட்டுப்போகும்.

— நல்லாத்தான் சொல்றீங்க. கண்ணகை சொன்னதக் கேட்டுப் பாடமாக்கினதா?

— அவள் இறுக்கம் எண்டு மட்டும்தானே சொன்னவள். இது என்ட சரக்கு.

— உங்கட சரக்கெண்டா?

— பொய்யெண்டாலும் முழுக்கக் கற்பனையாச் சொல்ல ஏலுமா? அவன்ட மேல் வீட்டுக்கு ஏறக்குள்ள எனக்கு உண்மையா இது வாறது. வீடு குடிபூந்த அண்டைக்குத்தான் முதல் வந்த.

— இவ்வளவு நாளும் ஏன் என்னட்டச் சொல்லல்ல?

— பயப்பிடாத புள்ள. அது வருத்தமில்ல, பொறாமை. அந்தப் பளபளக்கிற படியில கால வச்ச உடன எனக்குள்ள ஒண்டு எழும்பி அடைக்கும். அதாலதான் இண்டைக்கும் வர மனமில்ல. பொறாமையக் கொண்டுபோய் டொக்டரிட்டச் சொல்ல வெக்கமில்லயா?

— சேட்டு வேணாம், விடுங்க. இந்தக் கதிரையில இருங்க.

— என்ன, நீதானே சேட்டப் போடச் சொன்ன?

— சீனிக்காரருக்கு நோவு நோவாவே வராதாம். பாரமா வரும், மூச்சா வரும், தாடையில வரும், சிலருக்கு ஒண்டுமே தெரியாதாம். அவ அண்டைக்குச் சொல்லக்குள்ள நீங்க சகலன்ட துண்டில என்ன எழுதியிரிக்கெண்டு எட்டிப் பாத்துக்கொண்டு இருந்தீங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க. அந்தப் படியில மட்டும்தானா?

— அந்தப் படியிலதான். வேற ஆரில எனக்குப் பொறாமை?

— வடிவா யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்க என்ன இரிக்கி.

— படிய விடுங்க, வேற எங்கயாவது ஏறக்குள்ள வந்ததா? என்னப் பாருங்க.

— இண்டைக்குக் காலம வயல் வட்டையில, மண்வெட்டியோட வாய்க்கால் வரம்பில ஏறினன். அப்பவும் இதே பாரம் வந்தது. அந்த நேரம் நான் அவன நினைக்கவே இல்ல, கேதீஸ்.