சுவருக்குத் தண்ணீர் காட்டியவன்

குசினிச் சுவரில் வெள்ளை டைல் பதித்தால் வீட்டுக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்த எனக்கு வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களைப் பார்த்துத்தான் இந்த ருசி பிடித்தது. அவர்கள் கப்பலேறிப் போன கையோடு துறைமுகத்தார் ஒரு பங்களாவின் குளியலறையை உடைத்தார்கள். அந்த டைல்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீடு என்றால் பாதி வீடு. மறுபாதியில் என் அண்ணன் பேணாட்டின் விதவை எல்சி அண்ணி இருந்தார். அவர் சாகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று அண்ணன் கண் மூடுமுன் என் கையைப் பிடித்துக் கேட்டான், நானும் தலையாட்டினேன். அண்ணிக்கு ஒரு காய்ச்சல் தலையிடி கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலில் அவருடைய சுகத்துக்காகச் செபித்தவனே நான்தான். செபம் இவ்வளவு பலிக்கும் என்று நினைக்கவில்லை.

என் குசினிக்கும் அவருடைய படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். கரியும் எண்ணெயும் சுவரில் படாமலிருக்க, அடுப்புக்குப் பின்னால் அண்ணன் ஒரு பெரிய இரும்புத் தகடு அடித்திருந்தான். துருவும் பிசுக்குமாக அது பார்க்கச் சகிக்காது. அதைக் கழற்றி டைல் பதிக்கக் கிண்ணியாவிலிருந்து முத்தலிப் மேசனை அழைத்தேன்.

முத்தலிப் தொழில் சொல்லித்தருவதில் கஞ்சத்தனம் இல்லாத மனுஷன். "தகட்டக் கழட்டணும், பழைய பூச்சக் கொத்தி எடுக்கணும், பொறகு சுவர் வயிறு முட்டத் தண்ணி குடிக்கணும். இல்லாட்டி சாந்துல உள்ள தண்ணிய உறிஞ்சிரும், டைல் நிக்காது" என்றார். சொல்லிக்கொண்டே ஓரத்தில் கொத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயா, இது கடல்ல எடுத்த முருகைக்கல்லும் களிமண்ணும் வச்சுக் கட்டினது. தகட்டு போல்ட்டு சுவருக்குள்ளால போய் அங்கால பலகையில முறுக்கிக் கிடக்கு. அதுதான் சுவரப் புடிச்சிட்டு நிக்கிது. கழட்டித் தண்ணி காட்டினா உக்காந்திரும். தூண் எழுப்பாம கை வைக்க ஏலாது."

பெருநாள் முடிய வருவதாகச் சொல்லி ஊருக்குப் போனார்.

எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை இறக்கினேன். அந்தப் பக்கம் விழுந்த பலகையை அண்ணியே தூக்கிக்கொண்டு வந்து தந்தார். பூச்சைக் கொத்தினேன். வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தேன். மேசன் சொன்ன எதையும் நான் மறக்கவில்லை, ஐயா. உட்கார்ந்துவிடும் என்றதையும் மறக்கவில்லை.

"தம்பி, என்ர பக்கமும் ஈரம் கசியுது" என்றார் அண்ணி.

"டைல் ஒட்ட முந்திச் சுவர் தண்ணி குடிக்க வேணும் அண்ணி. எல்லா மேசன்மாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

அது பொய்யில்லை. எந்த மேசனையும் கேட்டுப் பாருங்கள்.

சித்திரை வெக்கை அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. "ஈரச் சுவர் நல்ல குளிர். கட்டிலைச் சுவரோட சேர்த்துப் போடுங்கோவன்" என்றேன். கட்டில் கனம் என்பதால் ஒரு பக்கத்தை நானே பிடித்தேன். "அவர் இருந்திருந்தாலும் என்னை இப்பிடிப் பார்த்திருக்கமாட்டார், தம்பி" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். நான் இன்னொரு வாளி ஊற்றிவிட்டு முற்றத்துக்குப் போனேன். சத்தம் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. என் பக்கம் அடுப்புத் திட்டு முண்டு கொடுத்ததால் சுவர் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்தது. அண்ணி எழும்பவில்லை.

முத்தலிப் உங்களிடம் வந்து சொல்லியிருக்காவிட்டாலும் நான் மறைத்திருக்கமாட்டேன். சுவர் விழும் என்று தெரிந்து, அவர் அதன் கீழே படுப்பார் என்று தெரிந்து, அண்ணியைக் கொன்றேன். ஆனால் வீட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பாதியின் மேல் எனக்கு ஒருநாளும் கண் இருந்ததில்லை. முத்தலிப்பைக் கண்டால் ஒன்று சொல்லுங்கள்: புதுச் சுவரைப் பழைய இடத்தில் எழுப்ப வேண்டாம், அண்ணியின் அறை முடிகிற இடத்தில் எழுப்பட்டும். குசினி விசாலமாக வரும்.