மாசிலாமணி சொன்ன 'மாட்டேன்'

கட்டற்ற மென்பொருள்னு நான் சொன்னதும், "ஓசி சாஃப்ட்வேர்தானே சார்!"னு முன் வரிசையில ஒருத்தர் சிரிச்சாரு. சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு, ஒரு வீட்டுல நடந்த கதையைக் கொஞ்சம் கேளுங்க... சின்னக் கதைதான்.

புதுக்கோட்டைப் பக்கம் மாசிலாமணின்னு ஒருத்தர். கபடிப் போட்டிக்கு மைக் பிடிச்சு வர்ணனை சொல்றவரு. "போறாரு... போறாரு... தொட்டாரு! பிடி! பிடி!"ன்னு அவர் கத்துனா, பஸ்ல போறவன் இறங்கி வந்து ஆட்டம் பார்ப்பான். அப்படி ஒரு குரல்.

அந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்துச்சு. கை கால் தேறிடுச்சு. பேச்சு போயிடுச்சு!

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொன்னாங்க, "இவர் பழைய வர்ணனை வீடியோ இருந்தா தினம் போட்டுக் காட்டுங்க. கூடவே சொல்லிப் பார்க்கட்டும்." அவர் சம்சாரம் செண்பகவல்லி சொந்தக்காரன், சிநேகிதன்னு ஒருத்தரை விடாம அலைஞ்சு வீடியோவை எல்லாம் சேர்த்தாங்க. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ஏத்தி, வீட்டு டிவியில பார்க்கலாம்னு ஏற்பாடு. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும்ல?

கோயம்புத்தூர்ல படிக்கிற மக அருள்விழி போன்ல சொன்னா: "அம்மா, கட்டற்றது ஒண்ணு இருக்கு. யார் வேணா எடுத்து மாத்திக்கலாம். காசும் வேணாம், கம்பெனிக்காரன்கிட்ட கணக்கு தொடங்கவும் வேணாம். என்ன, மாட்டுறதுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும்."

செண்பகவல்லியோட தம்பி தயாளன் விடுவாரா? "அதெல்லாம் யாரு அக்கா உக்காந்து மெனக்கெடுறது? கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கு. பட்டனைத் தட்டுனா படம்!"

வாங்குனாங்க. பொய் சொல்ல மாட்டேன், உடனே படம் வந்துச்சு. பளிச்சுன்னு வந்துச்சு. சாயங்காலம் ஆனா மாசிலாமணி டிவி முன்னால உக்காருவாரு. உள்ளே அவர் குரல் கத்தும். வெளியே அவர் வாய், "தொ... தொ..."ன்னு முட்டும். ஒரு நாள், "தொட்டா..." வரைக்கும் வந்துட்டாரு. செண்பகவல்லி அடுப்படிக்குள்ள போயி அழுதாங்க.

அப்புறம் ஒரு சாயங்காலம்... டிவியில எழுத்து. 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை.'

என்ன ஆச்சு? எந்த நாட்டுலயோ கம்பெனியோட சர்வர் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. அதுகிட்ட அனுமதி வாங்காம இங்கே படம் ஓடாதாம்! ஏய்யா... படம் யாருது? மாசிலாமணிது. கம்ப்யூட்டர் யாருது? மாசிலாமணிது. அது அதே அறையில, பீரோ பக்கத்துல, பச்சை லைட்டு எரிய உக்காந்திருக்கு! தயாளன் வீடியோ இருந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்லேருந்து கழட்டி நேரா டிவியில சொருகிப் பார்த்தாரு. டிவிக்கு அது புரியல. கம்பெனிக்குப் போன் போட்டா, "தங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு ஒரு மிஷின் பேசுது. பொறுமையாம்... பொறுமை!

ஒரு வாரம் இப்படியே போச்சு. மாசிலாமணி வாயைத் திறக்கல. வந்த "தொட்டா"வும் போச்சு. சுவத்தைப் பார்த்து உக்காந்துட்டாரு.

அதுக்கப்புறம் டிவிக்கு உயிர் வந்துச்சு. படத்தோட இல்ல... புது நிபந்தனையோட! நீங்க என்ன பார்க்கறீங்கன்னு நாங்க குறிச்சு வெச்சுக்குவோம். நடுவுல எங்க விளம்பரம் வரும். கீழே ஒரே ஒரு பட்டன். 'சம்மதிக்கிறேன்.' மறுக்கறதுக்குப் பட்டனே இல்ல!

தயாளன் சொன்னாரு, "அமுக்குக்கா. ஊரே அமுக்குது. மாமாவுக்குப் படம் வந்தா போதாதா?"

செண்பகவல்லி ரிமோட்டைத் தூக்குனாங்க. பாவம், அவங்களுக்குப் புருஷன் பேசணும், அவ்வளவுதான்.

சடார்னு ஒரு கை வந்து ரிமோட்டைப் பிடுங்குச்சு. மாசிலாமணி! முகமெல்லாம் செவந்து, கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. வாய் கோணுது... இழுக்குது...

"எ... என்... வீடு!"

தயாளன் எந்திரிச்சுட்டாரு.

"என்... கொர... கொரலு! மாட்டேன்... மாட்டேன்!"

டாக்டர் கொடுத்த மாத்திரையில வராத பேச்சு... கோபத்துல வந்துச்சுய்யா!

தயாளன் அன்னைக்கே அருள்விழிக்குப் போன் போட்டாரு. "நீ சொன்னதையே போட்டுக் கொடும்மா"ன்னாரு. அவ லீவு போட்டு வந்து மாட்டுனா. சுலபமா முடிஞ்சுதா? இல்ல. படம் முன்னால ஓடுது, குரல் பின்னால வருது. வர்ணனைக்காரனுக்கு அதைவிடக் கொடுமை உண்டா? போன் பண்ணிக் கேட்க ஆபீஸ் கிடையாது. இணையத்துல கேள்வியைப் போட்டுட்டுக் காத்துக்கிடந்தா. முகம் தெரியாத எவனோ ஒருத்தன், சம்பளம் வாங்காதவன், எந்த இடத்துல எதை மாத்தணும்னு பதில் எழுதுனான். மாத்துனா. சரியாச்சு. இன்னைக்கு அந்த வீட்டுல படம் ஓட எவன் அனுமதியும் வேணாம். மாசிலாமணி முழுசா பேசிடல. பாதிப் பாதி வார்த்தைதான். ஆனா தினமும் பேசுறாரு.

நான் கம்பெனிக்காரனை விக்காதேன்னு சொல்லல. வில்லு! நல்லா வில்லு! உழைப்புக்குக் கூலி வாங்கு! ஆனா எங்க வீட்டுக் கதவைச் செஞ்சு வித்துட்டு, சாவியை ஏன்டா உன் இடுப்புல சொருகிக்கிறே?

அவனைக் கேட்டாச்சு. இப்ப உங்களைக் கேக்கறேன். கட்டற்ற மென்பொருள் கஷ்டம்தான். மெனக்கெடணும், தேடணும், தெரியாதவன்கிட்ட கேக்கணும். கம்பெனி பொருள் சுலபம்தான். ஆனா அந்தச் சுலபத்துக்கு நீங்க எதைக் கொடுக்கறீங்கன்னு ஒரு நாள்... ஒரே ஒரு நாள்... படிச்சுப் பார்த்தீங்களா? படிக்கல! அமுக்குனீங்க! நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், இந்தக் கூட்டத்துல உக்காந்துக்கிட்டே இப்பவும் எதையோ அமுக்குறீங்க!

பேச்சு போன மனுஷன் 'மாட்டேன்'னு சொல்லிட்டாருய்யா.

உங்களுக்கு வாய் நல்லாத்தானே இருக்கு?